விலைக்கு வாங்கும் காவல் வேண்டுமா?

புதுக் கணினி வீட்டிற்கு வந்து சில வாரங்கள் ஆனதும் திரையின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். பாதுகாப்புக் காலம் முடிந்தது, உடனே பணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்று அது அச்சுறுத்தும். பெற்றோர் பலர் அஞ்சிப் பணம் செலுத்திவிடுகின்றனர். பெரும்பாலான வீடுகளுக்கு அச்செலவு தேவையற்றது என்பதே என் கருத்து.

கணினிக்குக் கேடு விளைவிக்கும் நிரலை நச்சுநிரல் என்கிறோம். (நஞ்சு + நிரல் = நச்சுநிரல். இரும்பு + பாதை = இருப்புப்பாதை என்பதில் மெல்லினம் வல்லினமாகத் திரிவதை இங்கும் காண்க.) அதனைத் தடுக்கும் மென்பொருள் இன்றியமையாதது. ஆயினும், விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டு முதல் 'டிஃபெண்டர்' என்னும் தடுப்பான் அவ்வியங்குதளத்துடன் இணைந்தே வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வேறு நிறுவனத்தின் தடுப்பான் முன்னோட்டமாக நிறுவப்பட்டிருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். அதனை நீக்கியதும் மீண்டும் காவலுக்கு வந்துவிடும். விற்பனை எச்சரிக்கை இச்செய்தியைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் இயங்கும் ஏ.வி.டெஸ்ட் என்னும் ஆய்வகத்தின் அண்மை ஆண்டுச் சோதனைகளில், டிஃபெண்டர் கட்டணத் தடுப்பான்களுக்கு இணையான மதிப்பெண் பெற்றுள்ளது.

இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றை நிறுவலாமே எனச் சிலர் கேட்பர். அவாஸ்ட் என்னும் புகழ்பெற்ற தடுப்பானின் நிறுவனம், பயனர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தனர் என்னும் விவரங்களை விற்றதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024இல் அந்நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. காவலுக்கு வைத்தவரே வீட்டுச் செய்தியை வெளியே விற்பதற்கு இது ஒப்பாகும்.

எத்தடுப்பானாயினும் இயங்குதளத்தைப் புதுப்பிக்காவிடில் பயன் குறைவு. 2017 மே மாதத்தில் 'வான்னகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அது நுழைந்த வழியை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! விண்டோஸ் 10க்கான வழக்கமான புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதைப் பழைய கணினி வைத்திருப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்றைச் சற்றுக் கண்டிப்புடனே சொல்வேன். விலைகொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டைத் திருட்டுப் படியாக இறக்கும்போது, "முதலில் தடுப்பானை அணைத்துவிடுக" என்னும் குறிப்பு உடன் வருவதுண்டு. திருடனே நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். இந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் இருந்தும் என்ன பயன்?

வீட்டிலிருந்தே வணிகக் கணக்குகளைப் பார்ப்போருக்குக் கட்டண மென்பொருளின் கூடுதல் வசதிகள் உதவலாம். ஏனையோர் அப்பணத்தில் ஒரு புறவன்தட்டு வாங்குவதே நன்று. என்னைப் போல் ஊர்விட்டு ஊர் மாறுதலாகிச் செல்லும் பணியாளர் குடும்பங்களில் பல்லாண்டுப் புகைப்படங்களும் சான்றிதழ்ப் படிகளும் ஒரே கணினியில்தான் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை அவற்றைப் படியெடுக்க வேண்டும். படியெடுத்ததும் வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். இணைத்தே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் அதிலுள்ள படிகளையும் சேர்த்துப் பூட்டிவிடும்.