'தாய்ப்பால் கொடுத்தேனே... எனக்கா?'

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் பல பெண்கள் கேட்பது இதுதான்: "ரெண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தேனே டாக்டர், எனக்கு எப்படி வரும்?" இந்த நம்பிக்கையிலேயே மாதக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு.

நம்பிக்கை பொய்யில்லை, பாதி உண்மை. 1926-லேயே இங்கிலாந்து மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன், புற்றுநோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத சுமார் 500 பெண்களையும் ஒப்பிட்டார். குழந்தைகள் குறைவாகப் பெற்றவர்களுக்கும், குறைவாகப் பால் கொடுத்தவர்களுக்கும் இந்நோய் கூடுதலாக வருவது தெரிந்தது. 2002-ல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கும் கிடைத்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து சுமார் 7 சதவிகிதம் குறைகிறது. பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இன்னொரு 4.3 சதவிகிதம். குறைகிறது, அவ்வளவுதான். தடுப்பூசி போட்டதுபோல் ஆகிவிடாது.

இதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குப் பெரிய பங்குண்டு. மாதவிடாய் சுழற்சிதோறும் அது மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. அதனால்தான் 12 வயதுக்கு முன்பே பெரியவளானவர்கள், 55-க்குப் பிறகும் மாதவிடாய் நிற்காதவர்கள், முதல் குழந்தையை 30-க்கு மேல் பெற்றவர்கள், குழந்தையே பெறாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து சற்று அதிகம். இதில் அவள் செய்த குற்றம் எது? 'ஒண்ணு போதும்னு நிறுத்திட்டா, அதான்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முணுமுணுக்கும் உறவினர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு ஆபத்துக் காரணியே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கையில் இருப்பவையும் உண்டு. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஓய்ந்துவிட, ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் வேலையை உடல் கொழுப்பு எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் ஏறும் எடைதான் கவனிக்க வேண்டியது. (வீணாகிவிடுமே என்று பாத்திரத்தில் மிஞ்சியதை எல்லாம் வழித்துச் சாப்பிடும் அம்மாக்கள் கவனிக்க!) வாரத்துக்கு 150 நிமிட வேக நடை உதவும். மது, கொஞ்சம்தான் என்றாலும் ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், எத்தனை காலம் தொடரலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். கட்டி தெரிந்தால் வீட்டில் 'பால் கட்டிக்கிச்சு' என்று ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால், பிரசவத்துக்குப் பின் சில ஆண்டுகள் ஆபத்து லேசாகக் கூடி, அதன் பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது. இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதற்காகக் குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டியதும் இல்லை.