செவ்வாய்க்கு நம் கிருமி போகக் கூடாது

ஆண்டிபட்டிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் புழுதி மட்டும் பறப்பதில்லை. புழுதியோடு பாக்டீரியாவும் மேலேறுகிறது. எவ்வளவு உயரம்? 2005 ஏப்ரலில் ஐதராபாத்திலிருந்து இஸ்ரோ பறக்கவிட்ட பலூன், 20 முதல் 41 கிலோமீட்டர் வரை காற்றைச் சேகரித்துத் திரும்பியது. அதிலிருந்து 12 பாக்டீரியாக் காலனிகளும் 6 பூஞ்சைக் காலனிகளும் வளர்ந்தன. மூன்று பாக்டீரியா இனங்கள் உலகம் அதுவரை அறியாதவை. ஒன்று இஸ்ரோவின் பெயரையே தாங்கி நிற்கிறது. நெருங்கிய இனங்களைவிடப் புற ஊதாக் கதிரை அவை அதிகம் தாங்கின.

35 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய செவ்வாய்த் தரையில் இருக்கும் அளவுதான். குளிரும் வறட்சியும் கதிர்வீச்சும் அங்கேயும் கடுமை. அதைத் தாங்கிய உயிர், விண்கலத்தின் இடுக்கில் ஒட்டிப் போனால் செவ்வாயில் செத்துவிடும் என்று எந்தத் துணிவில் சொல்வது? நாளை அங்கே உயிரின் தடயம் கிடைத்தாலும், அது அங்கே பிறந்ததா, நாம் கொண்டுபோனதா என்பது தீராத வழக்காகிவிடும்.

அமெரிக்காவின் வைக்கிங் கலங்களை 1975இல் ஏவுமுன், கிருமிகளைக் கொல்ல 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் சூடேற்றினார்கள். அந்தப் பொறுப்புணர்வு இன்று தேய்ந்துவிட்டது. 2019 ஏப்ரலில் நிலவில் மோதி நொறுங்கிய இஸ்ரேலின் பெரஷீட் கலத்தில் நீர்க்கரடிகள் என்னும் நுண்ணிய விலங்குகள் இருந்தன. அவற்றை ஏற்றிய தனியார் அமைப்பு அந்த உண்மையை வெளியிட்டதே கலம் விழுந்து மாதங்கள் கழித்துத்தான். இது வன்மையாகக் கண்டிக்கத்தக்க செயல்.

நம் அரசும் கண்டனத்துக்குத் தப்பாது. பிற கோள்களை மாசுபடுத்தக் கூடாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு. தனியார் செய்வதற்கும் அந்தந்த நாடே பொறுப்பு என்கிறது 6ஆம் பிரிவு. இந்தியா 1982இல் இந்த ஒப்பந்தத்தை ஏற்றது. 2020இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எழுகிறது. ஆனால், 2017இல் வரைவாக வெளிவந்த விண்வெளி மசோதா இன்னும் சட்டமாகவில்லை. 2023இல் வந்தது வெறும் கொள்கை ஆவணம். அதை மீறுபவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். உயிர்ச்சரக்கை மறைத்து அனுப்புவது தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் எழுத வேண்டும். செவ்வாயில் கலம் இறக்கத் திட்டமிடும் இஸ்ரோ, சதுர மீட்டருக்குச் சராசரியாக 300 பாக்டீரியா வித்துகள் என்ற சர்வதேச வரம்புக்குள் கலம் இருப்பதை ஏவுவதற்கு முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு வெளிவராமல் எந்தக் கலமும் செவ்வாய்க்குப் புறப்படக் கூடாது.