வேலியோடு போன கைமருந்து

மாரி பிறந்தால் தடிமனும் கூடவே வந்துவிடும். தகரக் கொட்டிலில் ஐந்தாறு பேர் நெருங்கிப் படுக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கு ஒழுகத் தொடங்கினால், கிழமை முடிவதற்குள் எல்லோரும் தும்முவர். மழையில் நனைந்ததால் வந்தது என்போம். உண்மையில் தடிமனைத் தருவது வைரசுக் கிருமி. தும்மலாலும் கையாலும் அது ஆளுக்கு ஆள் தொற்றுகிறது. இட நெருக்கடி அதற்கு வாய்ப்பாகிறது.

இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து ஆஸ்பத்திரியிலும் இல்லை, எங்கள் அடுப்படியிலும் இல்லை. சாதாரண தடிமன் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே மாறும். இருமல் மட்டும் இன்னும் சில நாட்கள் இழுக்கலாம். அன்ரிபயோற்றிக் குளிசைகள் பக்ரீரியாவுக்கு உரியவை, வைரசை அவை ஒன்றும் செய்வதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் அதை மட்டும் வைத்து அவை தேவையென்று கொள்ள முடியாது. அப்படியிருந்தும், ஒரு நாட்கூலியைத் தனியார் மருத்துவரிடம் கொடுத்து ஊசி போட்டு வந்தால்தான் எமக்கு மனம் ஆறுகிறது. கூலிக்கு அடுத்தவர் வயலில் இறங்கும் குடும்பத்துக்கு இது வீண் செலவு என்பதே எமது கருத்து.

கைமருந்து நோயை மாற்றுவதில்லை, ஆனால் நோயாளியின் கஷ்டத்தைக் குறைக்கிறது. அது சிறிய காரியமல்ல. ஒரு கைப்பிடி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, தட்டிய வேர்க்கொம்புத் துண்டொன்றும் நாலைந்து மிளகும் சேர்த்து, நாலு பேணித் தண்ணீர் இரண்டாகும்வரை அவித்து வடித்து, பனங்கட்டியோடு இளஞ்சூட்டில் குடித்தால் தொண்டை இளகும், உடம்பில் நீரும் சேரும். தொண்டை நோவுக்கு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். இரவு இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் நல்லது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுவைக்கவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

வேது பிடிப்பதில் கவனம் வேண்டும். நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீர், ஒடுங்கிய கொட்டில், ஓடித்திரியும் பிள்ளைகள்: சுடுநீர்க் காயத்துக்கு வேறென்ன வேண்டும்? சின்னப் பிள்ளைகளுக்கு வேது வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டு விடயத்தில் எமது ஆச்சிமாரோடு சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. புழுங்கலரிசிக் கஞ்சி, உள்ளி தட்டிப் போட்ட மிளகு ரசம், முருங்கையிலைச் சொதி எல்லாம் அவர்கள் தந்த நல்ல வழக்கங்கள். ஆனால் 'குளிர்ச்சி' என்று வாழைப்பழத்தையும் தயிரையும் தோடம்பழத்தையும் நிறுத்தி, ஏற்கெனவே மெலிந்த பிள்ளையை வெறுங்கஞ்சியில் கிடத்துவது நியாயமில்லை. தடிமனை அவை கூட்டுவதில்லை. தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. மூக்கடைப்பால் குழந்தை குறைவாகக் குடித்தால், அடிக்கடி கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருகாலத்தில் நாம் காசுக்கு வாங்கியதில்லை. ஆடாதோடை வேலியில் நின்றது. முருங்கை கதியாலாய் நின்றது. தேசியும் கற்பூரவள்ளியும் கிணற்றடியில் நின்றன. 1990இலும் 1995இலும் 2009இலும் வளவை விட்டபோது இவற்றையும் விட்டோம். பிறகு கிடைத்த துண்டுக் காணியில் வீடும் மலசலகூடமும் எழுந்தன, வேலிக்குத் தகரமும் முட்கம்பியும் வந்தன. வேலி திரும்பவும் உயிருள்ளதாக வேண்டும். ஆடாதோடைக்கும் முருங்கைக்கும் மழை தொடங்கும்போது ஒரு தடி ஊன்றினால் போதும். கற்பூரவள்ளி பழைய பால்மாப் பேணியிலும் வளரும். இஞ்சியை உரப்பையில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி நடலாம். சொந்தக் காணி இல்லாதவர்களும் போகும்போது தூக்கிச் செல்லலாம் அல்லவா! ஆலய வளவுகளில் இவை நிற்கும் பங்குகள் புரட்டாதிக்குள் தடி வெட்டிக் கொடுத்தால் பல குடும்பங்களுக்கு உதவும்.

இவ்வளவும் தடிமனுக்கு மட்டுமே. மூச்சு வேறு விடயம். அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால், அல்லது மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தால், அது நியுமோனியாவாக இருக்கலாம். பால் குடிக்க முடியாத குழந்தையும் அப்படியே. கொத்தமல்லி அவித்துக்கொண்டிராமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே காசில்லை.

மூக்கு ஒழுகாமல் கடுங்காய்ச்சல் மட்டும் வந்தால் அதைத் தடிமன் கணக்கில் போடாதீர்கள். டெங்குவாக இருக்கலாம். பனடோலை உரிய அளவில் மட்டும் எடுக்கலாம், அஸ்பிரினும் புரூபனும் ஆகாது. வயலில் இறங்குபவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் கண்டு சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில்தான் தெரியவந்தது. அந்நோய்க்கு அன்ரிபயோற்றிக் வேலை செய்யும், நேரத்தோடு தொடங்கினால். வயல் வேலைக்குப் போகுமுன் எடுக்கும் தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகப் பெறலாம். சொந்த வயலோ கூலி வயலோ, விதைப்புக்கு முன்னரே போய்க் கேளுங்கள்.