சுவர் இருக்கு... சித்திரம்?

ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி உங்க வீட்டுச் சுவரைப் பாருங்க. என்ன தொங்குது? ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வீடா இருந்தா, திருத்தணி முருகன் படம் ஒண்ணு கட்டாயம் இருக்கும். பக்கத்துலயே நகைக் கடையோ ஜவுளிக் கடையோ கொடுத்த காலண்டர். மூலையில் உங்க ஹீரோவோட போஸ்டர். சரியா?

இப்ப ஒரு கேள்வி. அந்தச் சாமி படத்தை வரைஞ்சது யாரு? கடை பேர் கொட்டை எழுத்துல இருக்கும். வரைஞ்சவர் பேர்? ம்ஹூம்... தேடணும்!

பழைய படமா இருந்தா, கீழ் மூலையில் ‘சி. கொண்டையராஜு’ன்னு கையெழுத்து இருந்தாலும் இருக்கும். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். கோவில்பட்டியில் அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியா நம்ம பூஜையறைக்கு வந்து சேர்ந்தன. அவருக்கும் முன்னாடி ராஜா ரவிவர்மா, 1894-ல் பம்பாயில் அச்சகமே ஆரம்பிச்சார். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண ஜனங்க வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

“அட, அது வெறும் பிரின்ட்தானே பாஸ்!”னு உதட்டைப் பிதுக்குறீங்களா? அங்கதான் ஜப்பான்காரங்க ஒரு ஆச்சர்யம் வச்சிருக்காங்க.

நகம் முளைச்ச மாதிரி நுரை தள்ளுற ராட்சச அலை, நடுவுல தக்கனூண்டு ஃபூஜி மலை... டி-ஷர்ட்ல, மொபைல் கவர்ல பார்த்திருப்பீங்க. 1831 வாக்கில் ஹொக்குசாய் வரைஞ்சது. அப்போ அவருக்கு வயசு எழுபது! 2024-ல் வந்த ஜப்பானோட புது 1,000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் அந்த அலைதான். ஆனா, அது வெளியான காலத்தில் ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் அதோட விலை. ஆயிரக்கணக்கில் அச்சடிச்சு வித்தாங்க.

எப்படி அச்சடிச்சாங்க? தாளில் வரைந்த கோட்டோவியத்தை செர்ரி மரப் பலகை மேல் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுட்டு மத்த இடத்தை உளியால் செதுக்கி எடுப்பாங்க. செதுக்கி முடிக்கறப்போ வரைஞ்ச தாள் காலி! ஆக, ‘ஒரிஜினல்’னு தனியா ஒண்ணு கிடையாது. அச்சாகி வர்ற ஒவ்வொரு தாளும் ஒரிஜினல்தான்.

நிறங்களுக்குத் தனித்தனிப் பலகை. ஒவ்வொண்ணுலயும் தாள் அதே இடத்தில் உட்காரணுமே, அதுக்காக ஓரத்தில் ரெண்டு சின்ன வெட்டு. ‘கென்டோ’ன்னு பேர். ஒரு நூல் தள்ளினாலும் கோடு ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம்னு ஆயிடும். கட்டம் போட்ட லுங்கி நெய்யற ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கணுமா என்ன? பாவில் ஒரு கலர் இழை இடம் மாறினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

எல்லா கலரும் ஒரே தகட்டில் வராதா? வரவைச்சவங்கள்ல ஒருத்தர் நமக்குப் பக்கத்துலயே பிறந்தவர். சித்தூர் மாவட்டம் நந்தனூர்ல 1925-ல் பிறந்த கிருஷ்ண ரெட்டி. சாந்திநிகேதனில் படிச்சு, சென்னை கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்து, பாரீஸ் போனார். கெட்டியா ஒண்ணு, தண்ணியா ஒண்ணுன்னு மைகளைக் கலந்து, ஒரே உலோகத் தகட்டில் பல நிறங்களை அச்சிடும் முறையை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. 2018-ல் நியூயார்க்கில் காலமானார். எல்லையைத் தாண்டினா அவர் மாவட்டம். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சரி, உங்க அறைக்கு ஒரு அலை வேணுமா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-லிருந்து இந்த மாதிரிப் படங்களைப் பெரிய அளவில் இலவசமாவே தருது. ஹொக்குசாயின் அலை ஏறக்குறைய 25-க்கு 37 சென்டிமீட்டர்தான். ஏ3 தாளில், சுத்தியும் வெள்ளை ஓரம் விட்டு, அசல் அளவிலேயே அழகா வந்துடும். பளபளக்காத தாளாக் கேளுங்க. ஃபிரேம் போடறப்போ கண்ணாடியும் படமும் ஒட்டாம நடுவுல அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்க. நேர் வெயில் விழற சுவரும் வேண்டாம், மழைக்கு ஊறுற சுவரும் வேண்டாம். கண் மட்டத்துக்கு மாட்டுங்க.

நகல்தானேன்னு கூச்சப்படாதீங்க. அசல் அச்சுகள் வெளிச்சத்தில் வெளுத்துடும்னு மியூசியங்களே கொஞ்ச நாள் காட்டிட்டு உள்ளே வச்சிடறாங்க. தினமும் காலையில பார்க்கிற பாக்கியம் நகலில்தான் இருக்கு!

கடைசியா ஒரு விஷயம். ஆயிரக்கணக்கில் அச்சான அந்த அலையில், இன்னிக்கு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருப்பது நூற்றுச் சொச்சம் பிரதிகள்தான். மலிவான பொருளை யாரு பத்திரப்படுத்துவா? மேல் மூலையில் ஹொக்குசாயின் கையெழுத்து இருக்கு. செதுக்கின கைக்கும், அச்சடிச்ச கைக்கும் அதில் பேர் இல்லை. நம்ம லுங்கியில் கம்பெனி லேபிள் இருக்கும், நெய்தவர் பேர் இருக்காதே, அது மாதிரி.

கண்ணாடி உடைஞ்ச சாமி படத்தை அரச மரத்தடியில் சாய்ச்சு வச்சிட்டு வர்றது நம்ம வழக்கம். தப்பில்லை. வைக்கறதுக்கு முன்னால கீழ் மூலையைத் துடைச்சுப் பாருங்க. பேர் இருந்தா, மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. புதுசா மாட்டுற படமா இருந்தா, பின்பக்கம் பென்சிலால் வரைஞ்சவர் பேர், வருஷம் எழுதி வையுங்க. ஒரு நிமிஷ வேலை. உங்க வீட்டுக்கு அடுத்து வர்ற தலைமுறை, “இது யார் வரைஞ்சது?”ன்னு கேட்டா பதில் இருக்கும்.