ஓசி கிளாஸும் சித்தியோட செயினும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் நல்லா சாப்ட்டுட்டு கட்டைய சாய்க்கலாம்னு இருந்த நேரம் பார்த்து கோவில்பட்டிலேர்ந்து சித்தி பையன் போன் பண்ணினான். மெக்கானிக்கல் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, வேலை இன்னும் அமையல.

"அண்ணே, சென்னைல ஒரு இன்ஸ்டிட்யூட்ல டேட்டா சயின்ஸ் சேரலாம்னு இருக்கேன். ஆறு மாசம். ஒரு லட்சத்து இருபதாயிரம் கேக்குறாங்க. ப்ளேஸ்மென்ட் 100 பர்சென்ட்டாம்."

"காசுக்கு எங்கடா போவே?"

"அம்மா செயின வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

அந்த செயினை எனக்கு நல்லாவே தெரியும். ஏற்கெனவே ரெண்டு தடவை பேங்க்குக்குப் போய்ட்டு வந்த செயின். இவன் காலேஜ் ஃபீஸுக்கு ஒரு தடவை, சித்தப்பா ஆபரேஷனுக்கு ஒரு தடவை. மூணாவது தடவை போனா திரும்பி வருமாங்கிறது எனக்கு சந்தேகம் தான்.

நமக்கு உபதேசம் பண்றதுன்னா அல்வா சாப்பிடற மாதிரியாச்சே. உடனே ஆரம்பிச்சிட்டேன். "டேய், அந்த சிலபஸ்ல இருக்கிறது அத்தனையும் நெட்ல ஓசிலயே கிடைக்குது. ஐஐடி வாத்தியார்லேர்ந்து ஹார்வர்டு வாத்தியார் வரைக்கும் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்குறாங்க. அதை விட்டுட்டு..."

அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான்: "தெரியும்ணே. நாலு மாசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆறு கோர்ஸ் ஆரம்பிச்சேன், ஒண்ணு கூட முடிக்கல. காசு கட்டினாலாவது ஒழுங்கா படிப்பேன்ல?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு மக்களே. போனை வெச்சிட்டு என்னோட கணக்கை நானே ஒரு தடவை திறந்து பார்த்தேன். நாலஞ்சு தளத்துலயும் சேர்த்து இதுவரைக்கும் சேர்ந்த கோர்ஸ் 17. முடிச்சது 3. இதுல உபதேசம் வேற!

ஓசில படிக்க வழியில்லைன்னு இன்னிக்கு யாரும் சொல்ல முடியாது. எம்ஐடி தன்னோட பாடங்களை எல்லாருக்கும் இலவசமா திறந்து விடப் போறோம்னு 2001-லயே அறிவிச்சிடுச்சு. நம்ம ஊர்ல 7 ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல என்பிடெல் ஆரம்பிச்சாங்க. 2012-ல கோர்ஸெரா, எடெக்ஸ், உடாசிட்டின்னு வரிசையா வந்துச்சு. 2017-ல மத்திய அரசோட ஸ்வயம். ஆக, சரக்குக்குப் பஞ்சமே இல்ல.

பிரச்சனை எங்க இருக்குன்னா, முடிக்கிறதுல இருக்கு. 2012-ல எம்ஐடி நடத்தின முதல் பெரிய இலவச ஆன்லைன் பாடம், மின்சுற்றுகள் பத்தினது. அதுல சுமார் 1,55,000 பேர் பதிவு பண்ணினாங்க. சான்றிதழ் வாங்கினது 7,157 பேர். நூத்துக்கு அஞ்சு பேர் கூட தேறல.

சரி, அது ஆரம்ப காலம், போகப் போக சரியாகியிருக்கும்னு நினைச்சீங்கன்னா அதுவும் இல்ல. எம்ஐடியும் ஹார்வர்டும் எடெக்ஸ்ல நடத்தின பாடங்களோட கணக்கை எல்லாம் அலசி 2019-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. பதிவு பண்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பாடத்துக்குள்ள எட்டிக் கூடப் பார்க்கல. 2017-18-ல மொத்தமா முடிச்சவங்க 3.13 சதவீதம். ஆனா சான்றிதழுக்குன்னு காசு கட்டினவங்கள மட்டும் எடுத்துப் பார்த்தா 46 சதவீதம் முடிச்சிருக்காங்க!

பார்த்தீங்களா, தம்பி சொன்னது சரி தானோன்னு எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா கொஞ்சம் யோசிச்சா ஒண்ணு புரியும். காசு கட்டினதால முடிச்சாங்களா, முடிக்கணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணினவங்க தான் காசு கட்டினாங்களா? ரெண்டும் கலந்து தான் இருக்கும். அதோட அந்த காசு லட்சக் கணக்குல இல்ல. கட்டினது போயிடக் கூடாதேன்னு மனசு உறுத்துற அளவுக்கு ஒரு தொகை, அவ்ளோ தான்.

இதை நான் என் தோலுக்கே பட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். 2023-ல ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சு என்னை பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க. அதுவரைக்கும் நான் பண்ணினது மேனுவல் டெஸ்டிங். பட்டனை அமுக்கு, ஸ்க்ரீன்ஷாட் எடு, எக்ஸெல்ல ஒட்டு. நாலு வருஷம் இதையே பண்ணிட்டு 'எக்ஸ்பீரியன்ஸ்'னு சொல்லிக்கிட்டு இருந்தேன். வேற ப்ராஜெக்டுக்குப் போன இடத்துல எல்லாம் "பைத்தான் தெரியுமா? ஆட்டோமேஷன் தெரியுமா?"ன்னு தான் கேட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே இருந்தா ஹெச்ஆர் கூப்பிட்டு காபி வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சிடுவாங்கங்கிற நிலைமை. வீட்டுல சொல்லல. தினமும் டிஃபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஆபீஸ் போய் சும்மா உக்காந்திட்டு வருவேன்.

அப்ப தான் என்பிடெல்ல, சென்னை கணிதவியல் நிறுவனத்து பேராசிரியர் மாதவன் முகுந்த் எடுக்கிற பைத்தான் பாடத்துல சேர்ந்தேன். 8 வாரம். படிக்க நயா பைசா கிடையாது. பரீட்சை எழுதி சான்றிதழ் வேணும்னா மட்டும் 1000 ரூபாய். அதையும் கட்டிட்டேன்.

இந்த 1000 ரூபாய் சமாச்சாரத்துல தான் விஷயமே இருக்கு. வாராவாரம் அசைன்மென்டுக்குக் கெடு தேதி உண்டு. தேதி தாண்டினா தாண்டினது தான், கெஞ்சவெல்லாம் முடியாது. கடைசில வீட்டுல உக்காந்து எழுதற பரீட்சையும் இல்ல. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கிட்டு, அடையாள அட்டையோட ஒரு சென்டருக்குப் போய் கண்காணிப்புல எழுதணும். எனக்கு விழுந்தது ஊருக்கு வெளிய ஒரு இஞ்சினியரிங் காலேஜ். சுத்தி எல்லாம் ரெண்டாவது வருஷம், மூணாவது வருஷம் படிக்கிற பசங்க. ஒரு பொண்ணு என்னைப் பார்த்து "சார், எந்த ரூம் சார்?"னு கேட்டுச்சு. சூப்பர்வைசர்னு நினைச்சிடுச்சு போல :-(

பாஸ் பண்ணினேன். எலைட் எல்லாம் இல்ல, சாதா பாஸ். ஆனா அந்த 8 வாரத்துல நான் எழுதின ப்ரோக்ராம் அதுக்கு முந்தின நாலு வருஷத்துல எழுதினதை விட ஜாஸ்தி. அதை வெச்சு ஆபீஸ்லயே ஒரு வேலை பண்ணினேன். பழைய ப்ராஜெக்ட்ல தினமும் ரெண்டு மணி நேரம் கையால ஒப்பிட்டுப் பார்த்த ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடறதுக்கு சின்னதா ஒரு ஸ்க்ரிப்ட். அடுத்த இன்டர்வியூல சான்றிதழைப் பத்தி ஒரு கேள்வி கூட வரல. அந்த ஸ்க்ரிப்டைப் பத்தி மட்டும் இருபது நிமிஷம் கேட்டாங்க. வேலை தப்பிச்சது.

இப்ப நானே ஃப்ரெஷர்ஸுக்கு முதல் ரவுண்டு இன்டர்வியூ எடுக்க உக்கார்றேன். ரெஸ்யூமேல 11 சான்றிதழ் போட்டு ஒரு பையன் வந்தான். "இதுல எதுலயாவது நீங்களா ஏதாச்சும் பண்ணினீங்களா தம்பி?"ன்னு கேட்டேன். வீடியோ பூரா பார்த்தேன்னு சொன்னான். பொய் சொல்லல, பாவம். நிஜமாவே பூரா பார்த்திருக்கான். இன்னொரு பையன் ஒரு சான்றிதழ் கூட இல்லாம வந்தான். அப்பாவோட மளிகைக் கடை பற்று நோட்டை பைத்தான்லயும் எஸ்க்யூஎல்லயும் ஏத்தி வெச்சிருந்தான். ஒரே பேர்ல ரெண்டு முருகேசன் இருந்ததால கணக்கு குழம்பிப் போய், அதை எப்படி சரி பண்ணினேன்னு அவன் சொன்னப்ப எங்க மேனேஜர் சேரை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தார். யாரை எடுத்தோம்னு சொல்லணுமா என்ன?

வீடியோ பார்க்கிறது ஒரு மயக்கம்ங்க. பக்கத்து வீட்டு அக்கா கோலம் போடறதை நின்னு பார்த்தா ஈஸியா தான் தெரியும். நாம புள்ளி வெச்சு ஆரம்பிச்சா தான் நாலாவது வளைவுல கை எங்க போறதுன்னு தெரியாது. ப்ரோக்ராமிங்கும் அதே தான். அவர் டைப் அடிக்க அடிக்க நமக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். லேப்டாப்ல வெத்து ஸ்க்ரீனைத் திறந்து வெச்சா ஒரு வரி வராது. அந்த வெத்து ஸ்க்ரீன் முன்னாடி முழிக்கிற நேரம் தான் படிப்பு. மீதியெல்லாம் பொழுதுபோக்கு.

அதனால, நான் தம்பிக்கு சொன்னதை இங்கயும் சொல்லி வைக்கிறேன்.

1. ஒரே ஒரு கோர்ஸ். முடிக்கிற வரைக்கும் ரெண்டாவதுல சேரக் கூடாது. 'நல்லாருக்கும் போலயே'ன்னு சேர்றது தீபாவளிக் கடைல துணி பார்க்கிற மாதிரி. கை நிறைய பார்ப்போம், எடுக்க மாட்டோம்.

2. வீட்டுப்பாடம் கடிக்கிற கோர்ஸா பார்த்து எடுக்கணும். ஹார்வர்டோட சிஎஸ்50 இலவசம் தான், ஆனா வாராவாரம் குடுக்கிற கணக்கு தூக்கத்தைக் கெடுத்துடும். ஸ்க்ராட்ச்ல விளையாட்டா ஆரம்பிச்சு, அடுத்த வாரமே சி மொழில கொண்டு போய் நிறுத்திடுவாங்க. கடைசில சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணினா தான் முடிஞ்சதா கணக்கு.

3. சின்னதா ஒரு உறுத்தல் வேணும். என்பிடெல் பரீட்சைக்குக் காசு கட்டுங்க. இல்லைன்னா ஃப்ரெண்டுகிட்ட தேதி சொல்லி பந்தயம் கட்டுங்க. ஏதோ ஒண்ணு.

4. செலவு பண்ணித் தான் ஆகணும்னா முதல் செலவு ஒரு செகண்ட் ஹாண்ட் லேப்டாப். போன்ல வீடியோ பார்க்கலாம், ப்ரோக்ராம் எழுதிப் பழக முடியாது. தம்பி நாலு மாசமா படிச்சது பூரா போன்ல தான்னு கடைசில தான் எனக்குத் தெரிஞ்சுது. அதைக் கேக்காமலே உபதேசம் பண்ணியிருக்கேன் பாருங்க.

5. சாட்ஜிபிடி மாதிரி சமாச்சாரம் வந்த பிறகு இன்னொரு ஆபத்து. அசைன்மென்டைக் குடுத்தா அரை நிமிஷத்துல விடையே வந்துடுது. நாமளா ஒரு மணி நேரம் முட்டி மோதிட்டு அப்புறம் கேட்டா அது வாத்தியார். முதல்லயே கேட்டா அது பிட்டு.

இன்ஸ்டிட்யூட் எல்லாமே ஏமாத்துன்னு நான் சொல்லல. நல்லா சொல்லிக் குடுக்கிறவங்களும் இருக்காங்க. அங்க போனா ஒரு நேரம் இருக்கு, பக்கத்துல நாலு பேர் இருக்காங்க, "ஏன் நேத்து வரல?"ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கு. இன்டர்நெட்ல ஓசியா கிடைக்காதது இது ஒண்ணு தான். நாம லட்சம் ரூபாய் குடுக்கிறது பாடத்துக்கு இல்ல, இந்த "ஏன் வரல?"ங்கிற கேள்விக்குத் தான். அந்தக் கேள்வியை ஒரு அண்ணனோ அக்காவோ ஃப்ரெண்டோ கேட்டா போதுமே! அதுக்கு ஏன் நகையை வைக்கணும்? '100 பர்சென்ட் ப்ளேஸ்மென்ட்'னு நோட்டீஸ்ல போடறதை எந்த இன்ஸ்டிட்யூட்டும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்து நான் பார்த்ததில்ல.

இதைப் படிக்கிற நம்ம ஆளுங்க பாதிப் பேர் பொட்டி தட்டறவங்க தான். ஊர்ல உங்க சித்தி பையனோ மாமா பொண்ணோ கண்டிப்பா இருப்பாங்க. அவங்களுக்கு லிங்க் அனுப்பினா கடமை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நான் அப்படித் தான் நினைச்சிட்டு இருந்தேன். லிங்க் அவங்க கிட்டயே நிறைய இருக்கு. வாரத்துக்கு அரை மணி நேரம் குடுங்க, அது தான் அவங்க கிட்ட இல்ல.

தம்பி கதை என்னாச்சுன்னா, இன்ஸ்டிட்யூட்டுக்கு மூணு மாசம் கழிச்சு வர்றேன்னு சொல்ல வெச்சிருக்கேன். என்னோட பழைய லேப்டாப்பை பேட்டரி மாத்தி பார்சல்ல அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு போன். அந்த வாரம் எழுதின ப்ரோக்ராமை அவன் எனக்கு விளக்கணும், இது தான் ஒப்பந்தம். முதல் ரெண்டு வாரம் ஒழுங்கா வந்தான். மூணாவது வாரம் கரண்ட் இல்லைன்னான். சித்திக்கு போன் போட்டு கேட்டேன், கரண்ட் எல்லாம் இருந்துச்சாம் :-) நேத்து நாலாவது வாரம். லிஸ்ட்ல ஒரு தப்பைப் பிடிக்க முடியாம ரெண்டு நாள் அலைஞ்சு, கடைசில அவனே கண்டுபிடிச்சேன்னு சொன்னப்ப குரல்ல ஒரு துள்ளல் இருந்துச்சு.

வேலை கிடைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. மார்க்கெட் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆனா செயின் இப்போதைக்கு சித்தி கழுத்துல இருக்கு.

டிஸ்கி: மேல சொன்ன 17-ல மீதி 14 கோர்ஸையும் நேத்து ராத்திரி உக்காந்து கேன்சல் பண்ணிட்டேன். மனசு லேசா இருக்கு. ஒண்ணே ஒண்ணுல மட்டும் புதுசா சேர்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை 9 மணிக்கு இனிமே தம்பியும் என்னைக் கேள்வி கேப்பானாம்!