கித்தாக் காட்டுப் பாட்டைக் கொன்றது யார்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு பொங்கல் விழா மேடை கிடைத்தால் போதும், யாராவது ஒரு பெரியவர் எழுந்து அந்தத் தீர்ப்பை வாசித்துவிடுவார். தோட்டத்து மக்களிடம் தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, கும்மி இருந்தது. சினிமாப் பாட்டு வந்து அத்தனையையும் அழித்துவிட்டது! கைத்தட்டல் விழும். அடுத்து பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். அதற்கு இன்னும் பெரிய கைத்தட்டல் விழும்.

இந்தத் தீர்ப்பு தவறு. முதலில் வேலையைப் பாருங்கள். நடவுப் பாட்டுக்கு ஒரே வயலில் பலர் சேர்ந்து குனிந்து நிற்க வேண்டும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், அதற்கு வழியில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு நிரை. மரத்துக்கு மரம் தனியாக ஓடி வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வயல் பாட்டுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். கெடாவில் தமிழர்கள் அதற்கு வெகு முன்பே பால்வாளி தூக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மிஞ்சியவை லயத்துப் பாட்டுகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பாடியவை. தாலாட்டு, ஒப்பாரி, மாரியம்மன் திருவிழாக் கும்மி. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலும், லயத்துக்கு ஒரு ரேடியோ பாடிய காலத்திலும் இவை உயிரோடுதான் இருந்தன. அன்று இரவு படம் பார்த்த அதே பெண்தான் மறுநாள் சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தாள். ஒன்றைக் கற்றால் மற்றது மறந்துபோகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பிறகு லயமே போனது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின; வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் நடுரோட்டில் நின்றன. அதைத் தடுக்கத்தான் அன்றைய ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். எல்லாத் தோட்டத்தையும் அப்படி வாங்க முடியவில்லை. பின்னாளில் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அங்கே இரவு ஷிப்டு முடிந்து காலையில் படுக்கும் தாய் எந்த நேரத்தில் தாலாட்டுவாள்? மலிவுவிலை அடுக்குமாடியில் பிணத்தைச் சுற்றிப் பத்துப் பெண்கள் எங்கே உட்கார்ந்து மாரடிப்பார்கள்?

இதையெல்லாம் மேடையில் சொன்னால் கம்பெனியைப் பேச வேண்டிவரும், அரசாங்கத்தைப் பேச வேண்டிவரும், நம் தலைவர்களையும் பேச வேண்டிவரும். முன்வரிசையில் அவர்கள்தான் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டைத் திட்டினால் யாருக்கும் கோபம் வராது.

சொல்லப்போனால், நாட்டார் மெட்டுக்கு இடம் கொடுத்ததும் சினிமாதான். 1976இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜா கொண்டுவந்த கிராமத்து மெட்டுகள் லயத்துக் கிழவிகளுக்குப் புதிதாக இருந்திருக்காது. எல்லாச் சினிமாப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் வாதாட வரவில்லை. பாதிக்கு மேல் குப்பை. ஆனால் உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். தைப்பூசத்தில் சினிமா மெட்டு வாசிக்கிறார்கள் என்று கோயில் நிர்வாகங்கள் அவர்களை விரட்டுகின்றன. தோட்டத்திலிருந்து வந்த உறுமியை இன்று கையில் வைத்திருப்பவர்கள் அந்தப் பையன்கள்தாம். பக்திக்கு அது பொருந்துமா என்பது வேறு வழக்கு. மரபை அழித்தார்கள் என்ற வழக்கு அவர்கள்மேல் நிற்காது.

ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் பாடாங் செராயிலும் பீடோங்கிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த விழாவில் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தும் செலவில் இரண்டு பேரைக் கைப்பேசியோடு அவர்கள் வீட்டுக்கு அனுப்பலாம்.