பிடியரிசியும் கல்லறைச் சுவரும்

வேலையில் இருக்கும்போது நேரம் இல்லை என்று தள்ளிப்போட்ட கேள்விகள் எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு வரிசையாக வந்து நிற்கின்றன. அதில் ஒன்று: பக்தி என்பது எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இருக்கிறதா, மற்ற ஆறு நாளும் வீட்டில் இருக்கிறதா? நான் ஒரு சாதாரண சி.எஸ்.ஐ. சபைக்காரன். இறையியல் படித்தவன் இல்லை. 36 வருஷம் தபால் துறையில் வேலை பார்த்தவன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்பது தெரியும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முன்னால், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். அதை ஏலம் போட்டு வரும் பணம் ஏழைகளுக்கோ ஊழியத்துக்கோ செலவாகும். என் அம்மா அந்தப் பிடியை எடுக்கும்போது கண்ணை மூடி ஜெபித்து நான் பார்த்ததில்லை. வாய் பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கும். கை மட்டும் தானாகப் பானைக்குப் போகும். பஞ்சகாலத்திலும் அந்தக் கை நிற்கவில்லை. பிடி சின்னதானது, அவ்வளவுதான்.

வடகிழக்கே மிசோரம் மாநிலத்திலும் இதே பழக்கம் இருக்கிறது. அங்கே 1910-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அந்த மக்கள் அந்த அரிசியை வைத்தே தங்கள் சபையையும் ஊழியத்தையும் பெருமளவு தாங்கிவருகிறார்கள். எங்கோ ஒரு மலையில் மொழி தெரியாத ஒரு பெண்ணும், இங்கே தேரிக்காட்டு ஓரத்தில் என் அம்மாவும், ஒரே காரியத்தை ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள்.

பிரசங்கம் செய்யாததைப் பழக்கம் செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொடுக்க வேண்டும் என்று ஆயிரம் முறை கேட்டாலும் மனசு கணக்குப் பார்க்கும். கை பழகிவிட்டால் கணக்குப் பார்க்காது. அசன பண்டிகையையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். பெரிய வட்டாக்களில் சோறு பொங்கி, ஊரையே கூப்பிட்டு, பந்தியில் உட்காரவைத்துப் போடுவது. நாலு மதத்து ஆட்களும் வந்து சாப்பிடுவார்கள். யார் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமிருக்காது. அறுப்பின் பண்டிகையில் ஒரு முருங்கைக்காய் ஐந்நூறு ரூபாய்க்கு ஏலம் போவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தக் காய் அவ்வளவு பெறாது என்று ஏலம் எடுத்தவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட சில்லறைப் பழக்கங்களில் ஊறிய மண்ணில்தான் பெரிய காரியங்களும் வேர் பிடித்தன. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே கேவலம் என்றிருந்த காலத்தில் பாளையங்கோட்டையில் அவர்களுக்குப் பள்ளி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கும் அங்கே பள்ளிகள் எழுந்தன. கட்டடத்தைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டு மிஷனெரிகளாக இருக்கலாம். அதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டு தாங்கியவர்களில் அரிசிப் பானை வைத்திருந்த அம்மாமார்களும் உண்டு.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் இந்தப் பானைக்குள் வராமல் போன ஒன்று இருக்கிறது. அதைப் பேசத்தான் இவ்வளவு நீட்டினேன்.

அது சாதி.

புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகமே ஆனது. பலர் சபையை விட்டே போனார்கள். ஆண்டவரை விட்டாலும் விடலாம், தனிப் பாயை விடக்கூடாது என்பதுதான் அவர்கள் நிலை.

நம் மாவட்டத்து வடக்கன்குளம் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்கர்கள் 1872-ல் கட்டிய ஆலயம் அது. கால்சட்டை போல இரண்டு கிளையாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் சேரும். ஒரு கிளையில் ஒரு சாராரும் இன்னொரு கிளையில் மற்றவர்களும் உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, பூசை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சாமியார்கள் 1910-ல் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார்கள். எடுத்தது தவறு, எங்கள் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு சாரார் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். ஒரே ஆலயத்தில் ஒன்றாக உட்காராமல் இருப்பதற்காகக் கைக்காசைச் செலவழித்து வழக்கு நடத்தியிருக்கிறார்கள். காணிக்கைப் பையில் அவர்களே எவ்வளவு போட்டார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று நாம் எத்தனையோ காரியத்தில் ஒத்துப்போகமாட்டோம். முழுக்கா தெளிப்பா என்று மணிக்கணக்கில் வாதாடுவோம். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவ்வளவாக வேற்றுமை இல்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்வீர்கள். நான் தபால்காரன். ஊரை விலாசத்தை வைத்துப் படித்தவன். ஒரே கிராமத்தில் மேலத்தெருவில் ஒரு ஆலயம், கீழத்தெருவில் ஒரு ஆலயம். இரண்டு தெருவிலும் ஞானதுரை உண்டு, எஸ்தர் உண்டு, சாமுவேல் உண்டு. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளைப் பிரிக்கும்போது பெயரை வைத்துப் பிரிக்க முடியாது, தெருவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இத்தனை வருஷ வேலையில், மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை போய் நான் கொடுத்ததில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டு தெருவுக்கும் கடிதம் வந்தது. நடுவில் இருந்த நூறு அடியை எந்தக் கடிதமும் தாண்டவில்லை.

கல்லறைத் தோட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் சுவரே உண்டு. சில இடங்களில் சுவர் இல்லாமலே எந்தப் பக்கம் யாருக்கு என்று குழிவெட்டுபவருக்குத் தெரியும். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் சொல்கிறோம். எழும்போதும் தனித்தனி வாசல் வழியாக எழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ என்னவோ.

இதில் என்னை அதிகம் உறுத்துகிற ஒரு வழக்கைச் சொல்கிறேன். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். 1980-களின் தொடக்கத்தில், சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. அது இந்துப் பட்டியல் சாதியினருக்கு மட்டும் என்றிருந்ததால் சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றது அந்த ஆணை. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. பட்டியல் சாதிக்குரிய சலுகையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

சூசை உச்ச நீதிமன்றம் போனார். 1985-ல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

ஆதாரம் இல்லையாம்! நம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கும்.

அந்த மனிதருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். உன் மதத்தில் சாதி இல்லை, ஆகவே உனக்குச் சலுகை இல்லை என்கிறது அரசாங்கம். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்கிறது பிரசங்க பீடம். தெருவும் கல்லறையும் மட்டும் அவர் சாதியை மறக்கவே இல்லை. ஆகஸ்ட் 10-ம் தேதியை நாம் ஒவ்வொரு வருஷமும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அந்தக் கோரிக்கை நியாயமானது. நானும் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் டில்லியிடம் கேட்கும்போது எங்களுக்குள் சாதிக்கொடுமை உண்டு என்கிறோம். ஊருக்கு வந்ததும், அப்படி ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே குடும்பம் என்கிறோம். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

சபைக்கு எதற்கு இந்தச் சமூகப் பிரச்சினை, ஆத்தும இரட்சிப்புதான் முக்கியம் என்று சில அன்பான சகோதரர்கள் சொல்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றுதான் கேட்கிறேன். நல்ல சமாரியன் கதையைச் சிறுபிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போன இரண்டு பேரும் கோயில்காரர்கள். பக்திக்குக் குறைவில்லாதவர்கள். இயேசு உதாரணமாகக் காட்டியதோ, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தீண்டமாட்டோம் என்று ஒதுக்கிய ஒரு சாதிக்காரனை. இந்தக் கதையில் சமூகப் பிரச்சினை இல்லையா? யாக்கோபு தன் நிருபத்தில், மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தல் கட்டியவனுக்குக் காலடியும் கொடுக்கிற சபையைக் கண்டிக்கிறார். உட்காரும் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார். பரலோகத்தில் உட்காரும் இடத்தை அல்ல, இங்கே.

சாதி எங்கேதான் இல்லை, நம்மை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பதில். இல்லை என்று எழுதிவைத்திருக்கிறவர்களிடம்தானே முதலில் கேட்க வேண்டும்?

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். மூத்த மகனுடைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பத்திரிகையில் கொடுக்க விளம்பரம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். ஜெபிக்கிற குடும்பம், இரட்சிப்பின் அனுபவம் உள்ள மணமகன் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தான். அடுத்த சொல் சாதி. நான் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அப்பா, நீங்க சொல்றது சரிதான். நாளைக்கு நம்ம பிள்ளை சொந்தபந்தத்துக்குள்ள தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுல்லா?” என்றான்.

“தலைகுனியாம இருக்கணும்னா இந்த இரட்சிப்புங்கிற சொல்ல அடிச்சிரு. ரெண்டும் சேந்து ஒரு வரியில நிக்காது” என்றேன்.

பதில் சொல்லாமல் போய்விட்டான். மருமகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேத்தி மட்டும் ராத்திரி வந்து, “தாத்தா, அந்தத் தாள் எங்கே?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். விளம்பரம் இன்னும் போகவில்லை. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் பயத்தில் பொய் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இது கடினம்.

தீர்மானங்களும் சுற்றறிக்கைகளும் நம்மிடம் ஏராளம். 1833-லிருந்து குவிந்து கிடக்கின்றன. குறைவாக இருப்பது பழக்கம். கொடுப்பதைக் கைக்குப் பழக்கிய மாதிரி, இதையும் கைக்குப் பழக்க வேண்டும். சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவருக்கு வீட்டில் நாம் குடிக்கும் அதே தம்ளரில் காப்பி. அவரை வயது பார்த்து அண்ணே, ஐயா என்று கூப்பிடுவது. குழிக்குள் இறங்கச் சொல்லாமல் இருப்பது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதை 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த வேலைக்கு எதிராக நாடு முழுக்கப் போராடி 2016-ல் மகசேசே விருது வாங்கிய பெஜவாடா வில்சன், கோலார் தங்கவயலில் அந்த வேலை செய்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். பக்கத்துத் தெரு சபையின் ஒரு வீட்டுக்கு, பண்டிகைக்கு அல்லாமல் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடப் போவது. அவர்களை வரச்சொல்லி, நம் வீட்டு அடுக்களைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுவது. முதல் தடவை கூச்சமாக இருக்கும். பத்தாவது தடவை கை தானாகப் போகும்.

என் வயதுக்காரர்கள், நம் பேச்சை வீட்டில் யார் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு காரியம் இன்னும் நம் கையில் இருக்கிறது. நான் எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான் காலமானால், எங்கள் ஆட்களுக்கு என்று ஒதுக்கிய வரிசையில் வைக்க வேண்டாம். தோட்டத்தில் கடைசியாக அடக்கம் செய்யப்பட்டவர் யாரோ, எந்தத் தெருவோ, அவருக்கு அடுத்த குழி போதும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. நம்மில் ஒரு பத்துப் பேர் இதே மாதிரி எழுதினால், அந்தச் சுவரை யாரும் இடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.